தம்பியின் முகமும் நான் மாற்றி எழுதிய கேள்வியும்

இதை எழுதவேண்டும் என்று நினைத்தும் எழுதாமல் நாலு வருடத்தைக் கடத்திவிட்டேன். பேனாவை எடுப்பேன், ஒரு பக்கம் எழுதுவேன், பிறகு கிழித்துப் பழைய பேப்பர் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். தியானத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று தோன்றும். ஆனால் அது பெரிய காரணம் இல்லை என்பது எனக்கே தெரியும். இதில் பிழை விட்டவன் நான் என்பதுதான் பெரிய காரணம். இந்தத் தவக்காலம் தொடங்கியபோது மனைவி சொன்னாள்:

"எழுதுங்கோவன். என்னைப் பற்றி எழுதினால் எனக்குப் பரவாயில்லை. உங்களைப் பற்றி எழுதத்தானே நீங்கள் பயப்பிடுறியள்."

அவள் சொன்னது சரி. ஆகவே எழுதுகிறேன்.

விடயம் சின்னதுதான். இந்தோனேசிய மொழியில் ஒரு பெரியவர் சொன்ன தியான அறிவுரை, ஒரேயொரு வரி, ஆங்கிலத்தில் ஏறி என் கைவழியே தமிழில் இறங்கியபோது வேறொன்றாகிப்போனது. அந்த வேறொன்று என் வீட்டுக்குள்ளேயே இரண்டு வருடம் ஒரு மனுசியை வருத்தியது. அது எப்படி வெளிச்சத்துக்கு வந்தது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

லண்டனுக்கு வருமுன் நாங்கள் பதினொரு வருடம் ஹொலண்டில் இருந்தோம். கண்ணாடிக் கூடத்துக்குள் ரோசாப்பூ வெட்டும் வேலை எனக்கு. என்னோடு வெட்டிய இந்தோனேசியர் ஒருவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெட்டிமேல் நிமிர்ந்து இருந்து கண்ணை மூடிக்கொள்வார். நித்திரை என்றுதான் நான் நினைத்தேன். கேட்டபோது செபம் என்றார். அவரும் கத்தோலிக்கர். அவர்களுடைய ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறாராம், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார், பிள்ளைகுட்டிக்காரர். காலையில் இருபது நிமிடம் அசையாமல் இருந்து, மூச்சோடு இயேசுவின் பெயரை மனதுக்குள் சொல்லுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிக்கொடுப்பவர். நான் பெட்டிமேல் அந்த இந்தோனேசியருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதல் நாள் முதுகு நொந்தது. ஒரு மாதத்தில் அது இல்லாமல் என் நாள் விடியவில்லை.

மனோர் பார்க்கில் குடியேறிய பிறகு எங்கள் பங்குக் கோயிலில் சனிக்கிழமைக் காலைப் பூசை முடிந்ததும் பக்கத்து அறையில் பத்துப் பதினொரு பேர் அப்படி இருக்கத் தொடங்கினோம். பெரும்பாலும் யாழ்ப்பாணத்து ஆட்களும் எங்கள் மன்னார் ஆட்களும். பெரியவரிடம் கேள்வி எழுதி அனுப்பலாம். பதில் மாதம் ஒருமுறை ஒரு தாளாக மின்னஞ்சலில் வரும். மேலே அவருடைய மொழி, கீழே அங்குள்ள யாரோ செய்த ஆங்கிலம். அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கி வாசிப்பவன் நான். எங்கள் ஆட்களின் கேள்வியை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புபவனும் நான்தான். என்னைவிட ஆங்கிலம் தெரிந்தவர்கள் குழுவில் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு நேரம் இல்லை, எனக்கு ஆசை இருந்தது. உண்மையைச் சொன்னால், பதிலை வாசிக்க எழும்பும்போது எனக்குள் ஒரு பெருமை கிடந்தது.

இன்னொரு பழக்கமும் எனக்கு இருந்தது. பெரியவர் சொன்னது என்றால் அது கட்டளைபோல் ஒலிக்கவேண்டும் என்று நினைப்பேன். சின்ன வயதில் ஞானோபதேசம் பாடமாக்கிய வாய். "செய்யலாம்" என்று இருப்பதை "செய்" என்பேன். "தேவையில்லை" என்று இருப்பதை "கூடாது" என்பேன். கேட்பவர்களும் அதைத்தான் விரும்பினார்கள்.

இனி மனைவியின் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளுக்கு ஒரே தம்பி. கடைசி யுத்தத்தில் காணாமல் போனவன். எங்கள் வீட்டில் அவனைப் பற்றிப் பேசும்போது "இருந்தான்" என்று யாரும் சொல்வதில்லை. "இருக்கிறான்" என்றும் குரலை உயர்த்திச் சொல்வதில்லை. கோயிலில் பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும்போது இறந்தவர்களுக்கு ஒரு தாள், உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு தாள். மனைவி அவன் பெயரை உயிரோடு இருப்பவர்களின் தாளில்தான் எழுதுவாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல் நிற்பேன். காணாமல் போனவர்கள் உள்ள வீடுகளில் இதெல்லாம் விளங்கும்.

அவள் கண்ணை மூடி இருக்கத் தொடங்கிய மூன்றாம் கிழமையே தம்பியின் முகம் வந்துவிட்டது. ஒன்றும் சொல்லாதாம். வருமாம், பார்க்குமாம். அவள் என்னிடம் வந்து கேட்டாள்:

"இஞ்சருங்கோ, அந்தப் பெரியவரிட்டை இதைக் கேட்டு எழுதுறியளே? நான் இருக்கேக்கை தம்பியின்ரை முகம் வருது. நான் என்ன செய்யோணும் எண்டு."

"ஓம், எழுதுறன்" என்றேன்.

எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. காணாமல் போன தம்பி என்று எழுதினால், இத்தனை வருடமாக வராதவன் என்றால், அந்த மனிதர் என்ன பதில் சொல்வார்? அவனுடைய ஆன்மா இளைப்பாறச் செபியுங்கள் என்று எழுதிவிட்டால்? அதை நான் சனிக்கிழமை எழும்பி நின்று என் வாயால் வாசிக்கவேண்டும். அவள் முன்வரிசையில் இருப்பாள். அதோடு, வீட்டுத் துக்கத்தைத் தெரியாத நாட்டுக்காரருக்கு விரித்துக் காட்டுவதும் எங்கள் வழக்கம் இல்லை. ஆகவே நான் எழுதியது இது: "செபத்தில் இருக்கும்போது தேவையற்ற எண்ணங்கள் வருகின்றன. என்ன செய்யவேண்டும்?"

தம்பி இல்லை. முகம் இல்லை. அவளுக்கு நான் சொல்லவும் இல்லை.

பதில் வந்தது. ஆங்கிலத்தில் "லீவ் இட்" என்றும், அதனோடு போகவேண்டாம் என்றும் இருந்தது. நான் தமிழில், "அதை அகற்றிவிடு. அதன் பின்னால் போகாதே" என்று உரத்து வாசித்தேன். அவள் தலையை ஆட்டினாள். அவள் கேட்டதற்குத்தான் அந்தப் பதில் என்று நம்பினாள். நம்பாமல் விட அவளுக்கு என்ன காரணம் இருந்தது?

இரண்டு வருடம் அவள் தம்பியை அகற்றப் பார்த்தாள். இருபது நிமிடம் முடிந்து கண் திறக்கும்போது அவளுடைய தாடை இறுகிப்போயிருக்கும். கைவிரல்கள் பாவாடையைப் பிடித்து முறுக்கியிருக்கும். கீழ்ப்படியத் தெரியாதவள் என்று தன்னைத்தானே சொல்லத் தொடங்கினாள். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொன்னாளாம். ஒரு தவக்காலத்தில், சனிக்கிழமைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நான் படியில் நிற்க, அவள் வெளிக்கிடாமல் நின்றாள்.

"நான் வரேல்லை. இனி இருக்கவும் மாட்டன்."

"ஏனப்பா?"

"அவனைக் கலைக்க எனக்கு ஏலாது. எத்தினை தரமப்பா ஒரு மனுசனைக் கதவுக்கு வெளியிலை விடுறது? கடவுளுக்கு அதுதான் வேணுமெண்டால் அவர் வேறை ஆரையும் பாக்கட்டும்."

கடவுளைப் பற்றி அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. செபமாலையைக்கூட அந்தக் கிழமை அவள் எடுக்கவில்லை. என் சின்னப் பொய் இவளுடைய விசுவாசத்தையே தின்னப்போகிறதே என்று பயந்தேன். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

நான் வேலை செய்வது அப்டன் பார்க்கில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடை. முதலாளி பாரிசிலிருந்து வந்தவர், எங்கள் எல்லோருக்கும் அண்ணை. அந்தக் கடைக்கு ரம்பை இலை வாங்க ஒரு இந்தோனேசிய அம்மா வருவார். தலையில் முக்காடு, எப்போதும் சிரித்த முகம், முதியோர் இல்லத்தில் வேலை. நாங்கள் இறைச்சிக் கறிக்குப் போடும் இலையை அவர் சோற்றுக்கும் பலகாரத்துக்கும் போடுவாராம். மனைவி வரமாட்டேன் என்று சொன்னதற்கு மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, அவர் காசு வாங்கும் டில்லுக்கு முன்னால் நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தார். நான் ரம்பையை நிறுத்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துச் சிரித்து ஒரே சொல்லை இரண்டு மூன்று தரம் சொன்னார்: "பியார்கன், பியார்கன்."

அந்தச் சொல்லை எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக அது, தாள்களைச் சேர்த்துவைக்கும் என் நீலக் கோவைக்குள் கிடக்கிறது. அந்தத் தாளில் "லீவ் இட்" என்பதற்கு நேர் மேலே நிற்கும் சொல் அது. தனியே நிற்பதால் எனக்கு அது மனப்பாடம்.

போனை வைத்ததும் கேட்டேன். எங்கள் இருவரின் ஆங்கிலமும் ஒரே தரம், அதனால் நல்லாக விளங்கிக்கொள்வோம். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"குறை நினைக்காதேங்கோ. இப்ப போனிலை என்ன சொன்னனீங்கள்? பியார்கன் எண்டு."

"அதுவா? என் மகள். பேத்தி பூனையைப் படுக்கைக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறாளாம், மகள் சத்தம் போடுகிறாள். இருந்துவிட்டுப் போகட்டும், விடு என்றேன்."

"பூனையைக் கலைக்கச் சொல்லேல்லையோ?"

"கலைக்கவா? இல்லையே. பூனை இருக்கட்டும், பிள்ளையும் இருக்கட்டும்."

கையிலிருந்த ரம்பையைத் தராசிலேயே விட்டுவிட்டேன். வீட்டுக்குப் போன் எடுத்தேன். "உந்த நீலக் கோவையைத் தூக்கிக்கொண்டு உடனை கடைக்கு வா" என்றேன். ஆருக்கும் ஏதும் நடந்துவிட்டதோ என்று அவள் பதறினாள். நடந்திருக்கிறது, நல்லதுதான், வா என்றேன். இந்தோனேசிய அம்மாவிடம் ஒரு அரை மணித்தியாலம் நிற்பீர்களா என்று கெஞ்சினேன். அவருக்குப் பின்னேர ஷிப்ட். நிற்கிறேன் என்றார்.

"அண்ணை, டில்லை ஒரு பத்து நிமிசம் பாருங்கோ."

"உன்ரை பத்து நிமிசம் எனக்குத் தெரியாதே" என்றார் அண்ணை. "போ, போ. மனிசியையும் கடைக்குக் கூப்பிட்டாச்சு. இனிக் கட்டிலையும் கொண்டுவந்து போடு."

மனைவி பஸ்ஸில் வந்து இறங்கினாள். வீட்டுச் செருப்பைக்கூட மாற்றவில்லை. கடையின் பின்பக்கம் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று இந்தோனேசிய அம்மா தாளை வாசித்தார். ஒருமுறை வாசித்தார், மறுபடி வாசித்தார். நான் முந்திக்கொண்டு, "இருக்கட்டும் எண்டுதானே அர்த்தம்?" என்றேன்.

அவர் உடனே ஓம் என்று சொல்லவில்லை.

"இருக்கட்டும் என்றும் சொல்லலாம். கவனிக்காதே, கிடக்கட்டும் என்றும் சொல்லலாம். பேத்தி பூனையோடு படுத்தால் சொல்வேன். தெருவில் யாராவது கத்தினாலும் சொல்வேன். இந்த வரியில் அது என்ன என்று எழுதியிருக்கவில்லை. கலைத்துவிடு என்று மட்டும் ஒருநாளும் வராது. நீங்கள் என்ன கேட்டீர்கள்?"

அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. மனைவி எனக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

"தம்பியின்ரை முகம் வருது எண்டு கேட்டது" என்று அவளே சொன்னாள், தெரிந்த ஆங்கிலத்தில்.

இந்தோனேசிய அம்மா தாளைப் பார்த்தார். "அப்படி என்றால் அவர் வேறு மாதிரி எழுதியிருப்பாரே. ஒரு மனிதரைப் பற்றி எழுதியதுபோல இது இல்லை."

நான் அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். தம்பியை எழுதவில்லை, முகத்தை எழுதவில்லை, தேவையற்ற எண்ணங்கள் என்று எழுதினேன் என்று தமிழில் அவளைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் இந்தோனேசிய அம்மாவின் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தாள்.

"தேவையில்லாததோ? என்ரை தம்பியோ?"

"அவன் செத்துப்போனான் எண்டு பெரியவர் எழுதிப்போடுவாரோ எண்டு பயந்திட்டன்."

"அதுக்கு? என்ரை கேள்வியை ஏன் மாத்தினனீங்கள்? ரெண்டு வருசம். நான் அவனை ரெண்டு வருசம் பிடிச்சுத் தள்ளியிருக்கிறன், தெரியுமே?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு பாத்துக்கொண்டு இருந்திருக்கிறியள்."

இந்தோனேசிய அம்மாவுக்குத் தமிழ் விளங்காது, ஆனால் எல்லாம் விளங்கிவிட்டது. அவர் மனைவியின் கையைப் பிடித்தார். "நீயே கேள். உன் வாயால் சொல், நான் எங்கள் மொழியில் சொல்கிறேன்" என்றார். தாளின் அடியில் பெரியவரின் ஊர்க் குழுவின் வாட்ஸ்அப் இலக்கம் இருந்தது. அவர் குரல் பதியும் பட்டனை அமத்திப் போனை நீட்டிப் பிடித்தார்.

மனைவி முக்காட்டை இழுத்துவிடுவதுபோலச் சால்வையைச் சரிசெய்துகொண்டு, கோயிலில் வாசகம் வாசிப்பதுபோல நிமிர்ந்து நின்று சொன்னாள். என் தம்பி காணாமல் போனவன். நான் செபத்தில் இருக்கும்போது அவன் வருகிறான், என்னைப் பார்க்கிறான். அவன் உயிரோடு இருக்கிறானா என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. அவன் வந்தால் நான் என்ன செய்யவேண்டும், அதை மட்டும் சொல்லுங்கள். இந்தோனேசிய அம்மா ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்தார். மீன் வாங்க வந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அண்ணை அவர்களைத் திருப்பி அனுப்பினார்.

புதன்கிழமை முழுக்க மனைவி என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணி மேசைக்கு வந்தது, சொல் வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் இந்தோனேசிய அம்மா கடைக்குள் ஓடிவந்தார். மூச்சு வாங்கியது. "பதில் வந்துவிட்டது. நான் இன்னும் கேட்கவில்லை. அவள் இல்லாமல் கேட்க மாட்டேன்." மறுபடி போன், மறுபடி பஸ், மறுபடி அரிசி மூட்டை. இந்த முறை அண்ணையும் டில்லை மகளிடம் விட்டுவிட்டு வந்து நின்றார்.

பெரியவரின் குரல். இருமினார். பிறகு முதல் சொல்லே அதுதான். "பியார்கன்."

நாங்கள் மூன்று தமிழரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதே சொல். இந்தோனேசிய அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர். குரல் நிற்கும் இடங்களில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"இருக்கட்டும், மகளே. தம்பி வந்தால் இருக்கட்டும். அக்கா இருக்கும் இடத்துக்குத் தம்பி வராமல் வேறு யார் வருவது? அவனுக்குப் பக்கத்தில் இடம் விடு. நீ மட்டும் கதிரையை விட்டு எழும்பாதே. அவனுக்குத் தேத்தண்ணி போடப் போகாதே, அவனைக் கேள்வி கேட்டுக்கொண்டு பின்னால் போகாதே. இரண்டு பேரும் ஆண்டவருக்கு முன்னால் இருங்கள். நீ கேட்காததை நானும் சொல்லவில்லை. அதை அவர் பார்த்துக்கொள்வார்."

மனைவி மூட்டைமேல் இருந்துவிட்டாள். அழுதாள், சத்தமில்லாமல், முகம் விரிந்து. தாடை இறுகவில்லை. நான் பக்கத்தில் போக யோசித்து நின்றேன்.

"என்ன நிக்கிறியள்? அங்காலை தள்ளி இருங்கோ, எனக்குத் துவாய் தாங்கோ" என்றாள். இரண்டு நாளைக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு. பிறகு சொன்னாள்: "இனி என்ரை கேள்வியை நான்தான் எழுதுவன். நீங்கள் அனுப்புற பட்டனை அமத்தினால் காணும்."

அண்ணை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அதையும் பாத்து அமத்து" என்றார்.

மறுநாள் காலை அவள் சன்னல் ஓரம் இருந்தாள். நான் மறுபக்கத்தில். நான் செபிக்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பத்து நிமிடம் போல் ஆனதும், அவள் கண் திறக்காமலே கதிரையில் கொஞ்சம் ஒதுங்கி இருந்தாள். அவ்வளவுதான் நான் கண்டது. முடிந்ததும் எழும்பி, இன்றைக்கு இடியப்பமா பாணா என்று கேட்டாள்.

சனிக்கிழமை நான் எழும்பி நின்று எல்லாவற்றையும் குழுவுக்குச் சொன்னேன். தண்டனையை எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலாக, முழங்கால் வருத்தத்தோடு வரும் ஒரு அக்கா கையை உயர்த்தினா.

"அப்ப, தம்பி, என்ரை கேள்வியையும் வடிவாக்கித்தான் அனுப்பினனீரோ?"

ஓம். மருமகளை மன்னிக்க முடியவில்லை என்று அவ சொன்னதை "குடும்பக் கவலைகள்" என்று எழுதியிருந்தேன்.

"கவலையோ? எனக்கு அவளைக் கண்டால் நெஞ்சு பத்துது. பத்துது எண்டு எழுதும்."

அறையே சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகத் தொடங்கினார்கள். குடியை விட்டவர் குடி என்றே எழுதச் சொன்னார். பயத்தைப் பயம் என்றார்கள். அன்றைக்கு நாங்கள் இருபது நிமிடம் இருக்கவேயில்லை, ஒரு மணித்தியாலமும் பேச்சுத்தான், கோயில் சாவி வைத்திருப்பவர் வந்து விளக்கை அணைக்கும்வரை. இப்போது தாளில் முதலில் கேள்வி வரும், கேட்டவர் சொன்ன வாக்கில். பிறகு பெரியவரின் மொழி, ஆங்கிலம், கடைசியில் என் தமிழ். எனக்குத் தெளிவில்லாத இடத்தை வெறுமையாக விட்டு இந்தோனேசிய அம்மாவைக் கேட்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். யாருக்காவது உதவும் என்று நினைத்தால் கொடுங்கள், வாசித்துக் காட்டுங்கள். ஆனால் இருக்கிறபடியே கொடுங்கள். பெரியவரின் பதிலை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பாதீர்கள், மனைவி கேட்டது அதற்கு முன்னால் இருக்கவேண்டும். என் தமிழ் நொண்டினால் நொண்டட்டும், திருத்தவேண்டாம். என்மேல் இரக்கப்பட்டு "தேவையற்ற" என்று நான் எழுதியதை நல்ல சொல்லாக மாற்றவும் வேண்டாம். அதை எழுதியது நான்தான். அது அப்படியே போகட்டும்.